பால் வற்றியதா, வால்வு கிழிந்ததா?

சில மாதங்களுக்கு முன் ஒரு முற்பகலில், உத்திரமேரூரை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து இளந்தாய் ஒருவர் தம் மாமியாருடன் எங்கள் மகப்பேற்றுப் பிரிவுக்கு வந்தார். அவருடைய குழந்தை முப்பத்து மூன்றாம் வாரத்திலேயே பிறந்து, செங்கல்பட்டில் பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புச் சிகிச்சைப் பிரிவில் இருந்தது. அறுவைசிகிச்சைப் புண் முழுதும் ஆறாத நிலையில் தாய் வீடு திரும்பியிருந்தார். மின்கருவியால் எடுத்த பாலைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, அவருடைய கணவர் நாள்தோறும் இருசக்கர வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்து வந்தார். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வழி. பத்தாம் நாள்வரை ஒரு முறைக்கு 60 மில்லி அளவு கிடைத்த பால், பன்னிரண்டாம் நாள் 10 மில்லியாகச் சுருங்கிவிட்டது.

“பால் வற்றிப் போய்விட்டது, சிஸ்டர்” என்றார் மாமியார். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை என்று அவர் சமைத்துக் கொடுக்காதது எதுவுமில்லை. பால்மாவு டப்பா ஒன்றையும் வாங்கிப் பையில் வைத்திருந்தார்கள். தாய் ஒன்றும் பேசவில்லை. பேசினால் அழுதுவிடுவார் என்பது முகத்திலேயே தெரிந்தது. எங்கள் செவிலியர் கருவியை ஒருபுறம் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, கையாலேயே பால் எடுக்கும் முறையை அவருக்குக் காட்டினார். மூன்று நிமிடத்தில் பால் தாரையாகப் பீய்ச்சியது. பிறகு கருவியின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். சிலிக்கான் வால்வின் நுனியிலுள்ள பிளவு, ஒரு மயிரிழை அகலத்துக்குக் கிழிந்து திறந்திருந்தது. நாள்தோறும் பல்துலக்கும் பிரஷ்ஷால் அதைத் தேய்த்துக் கழுவி வந்திருக்கிறார்கள்.

இத்தகைய நிகழ்ச்சி அரிதன்று. கருவியின் விளக்கு எரிகிறது, மோட்டார் ஓசை கேட்கிறது. ஆதலால் கருவி நன்றாகவே இருக்கிறது என்று வீட்டார் முடிவு செய்துவிடுகிறார்கள். பழி முழுவதும் தாயின் உடல்மீது விழுகிறது. இதில் உண்மையான இடர் ஒன்றும் உண்டு. மார்பில் சுரந்த பால் வெளியேறாமல் தேங்கினால், உடல் சுரப்பைத் தானே குறைத்துக்கொள்ளும். கருவியின் பழுதைக் கவனிக்காமல் ஒரு வாரம் கடத்தினால், பொய்யாகத் தோன்றிய பால்குறைவு மெய்யாகிவிடும். எனவே பால் திடீரெனக் குறைந்தால் முதலில் கருவியைச் சோதியுங்கள். அதுவும் அன்றைக்கே சோதியுங்கள். அதை வீட்டிலேயே எவ்வாறு செய்வது என்பதை இப்பாடத்தில் விளக்க முற்படுகிறோம்.

ஒன்றை முன்னதாகவே சொல்லிவிடுகிறோம். குழந்தை மார்பில் நன்றாகப் பற்றிக் குடிக்குமானால், இக்கருவி வீட்டுக்குத் தேவையே இல்லை. குறைமாதக் குழந்தையைப் பிரிந்திருக்கும் தாய், குழந்தை பற்றிக் குடிக்க இயலாத தாய், ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குத் திரும்பும் தாய் ஆகியோருக்கே இது பயன்படும். சீர்வரிசைப் பொருள்போல இதை வாங்கித் தரும் வழக்கம் அண்மையில் பரவி வருகிறது; அதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை.

கருவி இயங்கும் முறை

பழுதைக் கண்டறிய வேண்டுமானால் கருவியின் போக்கை ஓரளவு அறிந்திருக்க வேண்டும். ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஐனார் எக்னெல் என்பவர் 1950களில் உருவாக்கிய கருவியே இன்றைய மின்கருவிகளுக்கு முன்னோடி. விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் மார்பு புண்படும். சற்று இழுத்து, விட்டு, மீண்டும் இழுக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. குழந்தை குடிப்பதும் அவ்வாறுதான்.

மோட்டார் காற்றை இழுக்கிறது. அந்த இழுப்பு மெல்லிய குழாய் வழியாக மார்பில் பொருத்திய புனலை அடைகிறது. புனலுக்கும் பால் புட்டிக்கும் இடையில் ஒரு வால்வு இருக்கிறது. சில கருவிகளில் அது வாத்தின் அலகைப்போல் நுனியில் பிளவுபட்டிருக்கும். வேறு சிலவற்றில் சிறு துளையை மூடிய வெள்ளைச் சவ்வாக இருக்கும். மோட்டார் இழுக்கும்போது வால்வு மூடிக்கொள்ள வேண்டும். விடும்போது திறந்து பாலைப் புட்டிக்குள் விட வேண்டும். அது சரியாக மூடாவிட்டால், மோட்டார் மார்பை இழுப்பதற்கு மாறாகப் புட்டியில் உள்ள காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். மோட்டார் எவ்வளவு வலியதாயினும் பயனில்லை. பெரும்பாலான கருவிகளில் பால் மோட்டாருக்குள் செல்லாதபடி தடுக்கும் ரப்பர் போன்ற மற்றொரு தடுப்புச் சவ்வும் உண்டு. புனல், வால்வு, தடுப்புச் சவ்வு, குழாய், மோட்டார் ஆகிய ஐந்தையும் நினைவில் கொண்டால் போதும்.

இழுவிசை குறைந்தால்

முதலில் கருவியை முழுமையாகப் பொருத்தி, சுத்தமான உள்ளங்கையில் புனலை அழுத்தி வைத்து ஓடவிடுங்கள். தோல் தாளத்துடன் இழுபட்டு விடுபடுவது தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், குழாயை மோட்டாரிலிருந்து பிடுங்கிவிட்டு, மோட்டாரின் துளையில் நேரடியாகக் கட்டைவிரலை வைத்துப் பாருங்கள். அங்கே விரல் நன்றாக இழுபடுகிறதென்றால் மோட்டார் நலம். பழுது அதற்குப் பின்னுள்ள நான்கு உறுப்புகளில் ஒன்றில் இருக்கிறது. அங்கேயும் இழுப்பு இல்லையென்றால் மின்சாரத்தையோ மோட்டாரையோ ஐயுற வேண்டும். இச்சோதனைக்கு இரண்டு நிமிடம் ஆகாது. ஆனால் எங்களிடம் வருபவர்களுள் இதைச் செய்து பார்த்துவிட்டு வருபவர் மிகச் சிலரே.

மோட்டார் நலமாயின் வால்வைக் கழற்றுங்கள். வாத்தலகு வால்வானால், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து நுனியைப் பாருங்கள். விரலால் தொடாதபோது பிளவு முற்றிலும் மூடியிருக்க வேண்டும். ஒளிக்கீற்று தெரிந்தால் அதை எறிந்துவிடுங்கள். சவ்வு வகையானால், அது சுருங்காமலும் ஓரம் மடங்காமலும் தன் இருக்கையில் தட்டையாகப் படிந்திருக்க வேண்டும். காய்ந்த பாலின் திவலை ஒன்று அடியில் ஒட்டியிருந்தாலும் சவ்வு மூடாது. வால்வைப் பிரஷ்ஷால் தேய்க்கவோ, பிளவுக்குள் ஊசியையோ விரல்நகத்தையோ விடவோ கூடாது. சோப்பு நீரில் விரல்நுனிகளால் மெல்லத் தேய்த்து, ஓடும் நீரில் அலசினால் போதுமானது.

கிழியாத வால்வும் தேய்ந்துபோகும் என்பதைப் பலர் அறியார். ஒரு நாளில் எட்டு முறை இயங்கும் வால்வு பல்லாயிரம் தடவை திறந்து மூடுகிறது. கொதிநீரில் இட்டு இட்டு அதன் விறைப்பும் தளர்கிறது. நாள் முழுதும் பயன்படுத்துவோர் ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் வால்வை மாற்றிவிடுவது நல்லது. நம் பகுதி மருந்துக் கடைகளில் இவ்வுதிரி உறுப்புகள் எளிதில் கிடைப்பதில்லை. கூரியரில் வரவழைக்கச் சில நாள்கள் ஆகும். கருவி வாங்கும்போதே இரண்டு வால்வுகளைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை மிகச் சிறிது.

வால்வும் நன்றாக இருந்தால், தடுப்புச் சவ்வைப் பாருங்கள். அது முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். கழுவிய ஈரத்தோடு பொருத்தினால் இழுப்பு பாதியாகக் குறைந்துவிடும். காலையில் நன்றாக ஓடிய கருவி, கழுவி உடனே பூட்டிய பின் ஓடவில்லை என்று சொல்வோருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பிறகு குழாய்: இரு முனைகளும் தளர்ந்திருக்கின்றனவா, எங்கேனும் மடிந்தோ எலி கடித்தோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். எலி என்று நாங்கள் எழுதுவது வேடிக்கைக்காக அன்று. பால்மணம் படிந்த குழாயை இரவில் திறந்த அலமாரியில் விட்டு வைத்த வீடுகளை நாங்கள் கண்டிருக்கிறோம். முனை தளர்ந்திருந்தால், மிகச் சிறிய அளவில் அம்முனையை வெட்டிவிட்டு மீண்டும் செருகினால் சில நாள்களுக்குத் தாங்கும்.

இரு மார்புக்கும் ஒருசேரப் பயன்படுத்தும் கருவியில் ஒரு பக்கத்தை மட்டும் பயன்படுத்தும்போது, மறுபக்கக் குழாயின் துளையை அடைக்க மறக்கக் கூடாது. அடைக்காவிட்டால் காற்று முழுவதும் அவ்வழியே போய்விடும்.

வலியும் புனலின் அளவும்

கருவியால் பால் எடுக்கும்போது வலித்தல் இயல்பு என்று பலர் பொறுத்துக்கொள்கிறார்கள். வலித்தல் இயல்பன்று. வலி பால் இறங்குவதைத் தடுக்கும். பால் இறங்கச் செய்யும் ஆக்சிடோசின் என்னும் சுரப்புநீர், வலி, அச்சம், அவசரம் ஆகியவற்றில் எதையும் தாங்குவதில்லை.

வலிக்கு முதற்காரணம் புனலின் அளவு பொருந்தாமை. பெரும்பாலான பெட்டிகளில் 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள புனலே வருகிறது. அது எல்லாருக்கும் பொருந்தாது. பால் எடுப்பதற்குமுன் ஓர் அளவுகோலால் காம்பின் அடிப்பகுதியின் விட்டத்தை மட்டும் மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். சுற்றியுள்ள கருவட்டத்தைச் சேர்க்க வேண்டாம். அந்த அளவைவிட ஓரிரண்டு மில்லிமீட்டர் முதல் நான்கு மில்லிமீட்டர் வரை கூடுதலான புனல் பொதுவாகப் பொருந்தும். இயங்கும்போது பார்த்தும் அறியலாம். காம்பு சுவரில் உராய்ந்து, எடுத்தபின் வெளுத்துப் போனால் புனல் சிறிது. கருவட்டம் பெருமளவில் உள்ளே இழுபட்டு, மார்பில் வளையம்போல் தடம் பதிந்தால் புனல் பெரிது. பெரிய புனலுக்குள் செருகும் சிலிக்கான் வளையங்கள் தனியாக விற்கின்றன. புதுப்புனல் வாங்குவதைவிட அது சிக்கனம். இரு மார்புக்கும் இரு வேறு அளவு தேவைப்படுவதும் உண்டு. கணவன்மார் இதைக் கேட்டு வியக்கிறார்கள், வியக்க ஒன்றுமில்லை.

இரண்டாம் காரணம், விசையை உச்சத்தில் வைப்பது. விசை கூடினால் பால் கூடும் என்று எண்ணுவது தவறு. சிறிது சிறிதாகக் கூட்டிச் சென்று, வலி தொடங்கும் இடத்திலிருந்து ஒரு படி கீழே இறக்கி நிறுத்துங்கள். உங்களுக்கு ஏற்ற விசை அதுவே.

இன்னொரு பிழையையும் இங்கே சொல்ல வேண்டும். பல கருவிகளில் இரண்டு நிலைகள் உள்ளன. முதல் நிலை வேகமாகவும் மென்மையாகவும் இழுக்கும். பால் இறங்குவதற்குத் தூண்டுவது அதன் வேலை. இரண்டாம் நிலை மெதுவாகவும் ஆழமாகவும் இழுக்கும். பாலை வெளியேற்றுவது அதன் வேலை. பால் சொட்டத் தொடங்கியதும், அல்லது இரண்டு நிமிடம் கழித்து, இரண்டாம் நிலைக்கு மாற்ற வேண்டும். பொத்தானில் உள்ள குறியின் பொருள் விளங்காமல், இருபது நிமிடமும் முதல் நிலையிலேயே ஓடவிட்டு, பால் வரவில்லை என்று வருந்திய தாய்மார் உண்டு. பெட்டியிலுள்ள கையேடு ஆங்கிலத்திலோ சீனத்திலோ மட்டும் இருக்குமானால், அதை எங்களிடம் கொண்டு வாருங்கள். குறிகளின் பொருளைத் தமிழில் எழுதி ஒட்டித் தருகிறோம்.

மின்சாரம்

கருவி விட்டு விட்டு ஓடினாலோ, திணறும் ஓசை எழுப்பினாலோ, முதலில் மின்செருகியைப் பாருங்கள். சுவர்ப் பிளக் தளர்ந்திருப்பது நம் வீடுகளில் மிகச் சாதாரணம். வேறொரு பிளக்கில் செருகிப் பார்த்தபின்னரே கருவியைக் குறைகூற வேண்டும். வயல்களில் பம்புசெட்டுகள் ஒருசேர ஓடும் வேளையில் வீட்டு மின்னழுத்தம் தாழ்வதுண்டு. அடாப்டரின்மேல் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் அத்தாழ்வை அது பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும்.

அடாப்டர் பழுதானால் வீட்டில் கிடக்கும் வேறோர் அடாப்டரைச் செருகாதீர்கள். முனை பொருந்தினாலும் வோல்ட் பொருந்தாமல் போகலாம். 9 வோல்ட் கேட்கும் கருவிக்கு 12 வோல்ட் கொடுத்தால் மோட்டார் கருகும். அல்லது இழுவிசை அளவுமீறி மார்பு புண்படும். பழைய அடாப்டரில் வெளியீடு என்று அச்சிட்டுள்ள வோல்ட், ஆம்பியர் எண்களைக் கடைக்காரரிடம் காட்டியே புதியது வாங்க வேண்டும். வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும், ஆம்பியர் குறைவாக இருக்கக் கூடாது.

மின்கலத்தில் ஓடும் கருவி, கலம் இறங்க இறங்க இழுப்பையும் குறைத்துக்கொண்டே வரும். ஓசை மாறாததால் நாம் அறிவதில்லை. ஒவ்வொரு முறைக்கும் முன் முழுமையாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். இடி மின்னல் வேளையில் சுவர் மின்சாரத்தில் கருவியை இயக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் போனாலும் பால் நிற்கக் கூடாது. அதற்காகவே கையால் எடுக்கும் முறையை ஒவ்வொரு தாய்க்கும் கற்றுக்கொடுத்துத்தான் நாங்கள் வீட்டுக்கு அனுப்புகிறோம்.

குழாயில் ஈரமும் இரவல் கருவியும்

குழாயினுள் நீர்த்துளிகள் தெரிந்தால், பால் எடுத்து முடித்தபின் புனலைக் கழற்றிவிட்டு, குழாயை மட்டும் மாட்டிக் கருவியைச் சில நிமிடம் ஓடவிடுங்கள், உலர்ந்துவிடும். துளி வெள்ளையாக இருந்தால் அது பால். உடனே நிறுத்திக் குழாயைக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவி, நன்கு அலசி, முற்றிலும் காயவிடுங்கள். கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளிகள் தோன்றினால் அது பூசணம். அக்குழாயைக் கழுவிப் பயனில்லை.

தடுப்புச் சவ்வு இல்லாத கருவிகளும் சந்தையில் உண்டு. அவற்றில் பால் மோட்டாருக்குள்ளேயே போய்விடும்; மோட்டாரின் உட்புறத்தைக் கழுவ எவராலும் இயலாது. அக்கா பயன்படுத்தியதைத் தங்கையும், தங்கை பயன்படுத்தியதைப் பக்கத்து வீட்டாரும் வாங்கிப் பயன்படுத்துவது அன்பினால் செய்யப்படுவதே. ஆயினும் தடுப்பில்லாத கருவியை இரவல் வாங்காதீர்கள். தடுப்புள்ளதானாலும் உற்பத்தியாளர் பலர் பயன்படுத்தலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். புனல், வால்வு, குழாய் அனைத்தும் புதிதாக இருக்க வேண்டும். மருத்துவமனைகளில் பல தாய்மாருக்குப் பயன்படும் பெரிய கருவிகள் அதற்கென்றே அமைக்கப்பட்டவை. அவற்றிலும் ஒவ்வொரு தாய்க்கும் தனி உறுப்புகள் தரப்படுகின்றன.

கழுவுதல்

ஒவ்வொரு முறையும் பாலுறும் உறுப்புகள் அனைத்தையும் கழற்றிக் கழுவ வேண்டும். பாத்திரம் துலக்கும் தொட்டியில் போடாமல், இதற்கென்றே ஒரு தனிப் பாத்திரத்தில் கழுவுங்கள். 2016ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் குறைமாதக் குழந்தை ஒன்றுக்குக் குரோனோபாக்டர் என்னும் கிருமியால் கடுந்தொற்று ஏற்பட்டது. கருவியின் உறுப்புகளைச் சோப்பு நீரில் மணிக்கணக்கில் ஊறவைத்துவிட்டு, தேய்க்காமல் அலசி மட்டும் பயன்படுத்தி வந்தது விசாரணையில் தெரியவந்தது. ஊறவைத்தல் கழுவுதல் ஆகாது. கழுவியபின் துணியால் துடைக்காமல், சுத்தமான துணிமேல் கவிழ்த்துக் காற்றில் உலரவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் நாளொன்றுக்கு ஒரு முறை கொதிநீரில் ஐந்து நிமிடம் இட்டு எடுக்க வேண்டும். மோட்டாரையும் குழாயையும் கொதிநீரில் இடக் கூடாது.

ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுதியாக உள்ள ஊர்களில், கொதிக்க வைத்த உறுப்புகளின்மேல் வெண்படலம் படியும். அப்படலம் வால்வை மூடவிடாது. கொதிக்கும் நீரில் ஒரு தேக்கரண்டி வெள்ளை வினிகர் சேர்த்தால் படலம் குறையும். பிறகு கொதித்து ஆறிய குடிநீரால் அலசிவிடுங்கள்.

கருவி நலமாக இருந்தும் பால் குறைந்தால்

மேற்கூறிய அனைத்தையும் சோதித்தபின்னும் பால் குறைந்தே இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது கணக்கு. குழந்தையைப் பிரிந்திருக்கும் தாய் ஒரு நாளில் எட்டு முதல் பத்து முறை பால் எடுக்க வேண்டும். இரவில் ஒரு முறையேனும் எடுக்க வேண்டும். ‘அவள் தூங்கட்டும்’ என்று வீட்டார் இரவு முழுதும் எழுப்பாமல் விடுவது பரிவுதான். ஆனால் இரவு முழுவதும் தொடர்ந்து எடுக்காமலிருந்தால் சில நாள்களில் பால் இறங்குமுகமாகும். பகலில் சமையலையும் துணி துவைப்பதையும் பிறர் ஏற்றுக்கொண்டு, தாயை அப்போது தூங்கவிடுவதே மெய்யான உதவி. பூண்டும் சுறாவும் கொடுப்பதற்கு நாங்கள் தடை சொல்வதில்லை. தண்ணீர் கொடுத்தால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று தாயைத் தாகத்தோடு வைத்திருப்பதற்கு மட்டும் தடை சொல்கிறோம்.

அடுத்தது கை. கருவியோடு கையையும் சேர்த்துப் பயன்படுத்திய குறைமாதக் குழந்தைகளின் தாய்மாருக்குக் கூடுதல் பால் கிடைத்ததை, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். கருவி ஓடும்போதே மறுகையால் மார்பை மெல்ல அழுத்திவிடுங்கள். கருவியை நிறுத்தியபின் கையால் சில நிமிடம் எடுங்கள். கையால் எடுப்பதற்குக் கட்டைவிரலைக் கருவட்டத்தின் மேல் ஓரத்திலும் ஆட்காட்டி விரலைக் கீழ் ஓரத்திலும் வையுங்கள். முதலில் மார்புக்கூட்டை நோக்கிப் பின்னே அழுத்துங்கள். பிறகு இரு விரல்களையும் ஒன்றையொன்று நோக்கி அழுத்தி, விடுங்கள். விரல் தோலின்மேல் வழுக்கக் கூடாது. காம்பைப் பிழியக் கூடாது. ஓரிடத்தில் பால் குறைந்ததும் விரல்களைச் சுற்றி நகர்த்துங்கள். பிறந்த முதல் இரண்டு மூன்று நாள்களில் வரும் சீம்பால் கெட்டியாகவும் சிறு அளவாகவும் இருப்பதால், கருவியின் உட்புறத்திலேயே ஒட்டிக்கொண்டு வீணாகும். அந்நாள்களில் கருவியைவிடக் கையே மேல் என்பது எங்கள் உறுதியான கருத்து.

உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் சிறு கருவிகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பேருந்திலும் வேலையிடத்திலும் அவை வசதியே. குழந்தை மார்பில் குடிக்காமல் முழுதும் கருவியை நம்பியிருக்கும் தாய், அதை மட்டும் வைத்துக்கொண்டு சுரப்பை வளர்ப்பது கடினம். வேலைக்குச் செல்லும் தாய்மார் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: சட்டப்படி, குழந்தைக்குப் பதினைந்து மாதம் நிறையும்வரை நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உங்களுக்கு உரியவை.

எடுத்த பால் 25 பாகை வரையிலான அறையில் நான்கு மணி நேரம் கெடாது. நம் சித்திரை வெயிலில் அக்கணக்கு செல்லாது. எடுத்தவுடன் குளிர்ப்பெட்டியின் உட்புறத்தில் வையுங்கள், கதவில் வைக்க வேண்டாம். குளிர்ப்பெட்டியில் நான்கு நாள்வரை வைக்கலாம். மருத்துவமனையிலுள்ள குழந்தைக்காயின் அப்பிரிவினர் சொல்லும் காலவரையறையே முடிவானது. பாலைப் பாலாடையால் ஊட்டுங்கள், பால்புட்டி வேண்டாம்.

முதலில் சொன்ன தாய்க்கு அன்றே புது வால்வு கிடைக்கவில்லை. நான்கு நாள் கழித்தே வந்தது. அந்த நான்கு நாளும் அவர் கையாலேயே எடுத்தார். முதல் நாள் இருபது, மறுநாள் முப்பது என்று மில்லி கணக்கை மாமியாரே நாள்காட்டியின் ஓரத்தில் எழுதி வந்தார். வால்வு வந்த மூன்றாம் நாள் பழைய 60 மில்லி அளவு திரும்பியது. பால்மாவு டப்பா பிரிக்கப்படாமல் கடைக்கே திரும்பிச் சென்றது.

மருத்துவமனைக்கு வரவேண்டிய நிலைகள்

மார்பில் ஓரிடம் சிவந்து, கெட்டிப்பட்டு, காய்ச்சலும் இருந்தால் கருவியைச் சோதித்துக்கொண்டிராமல் உடனே வாருங்கள். பாலில் இளஞ்சிவப்பாக இரத்தம் கலந்திருந்தால் பெரும்பாலும் காம்பு வெடிப்பே காரணம். விசையைக் குறைத்துவிட்டு எங்களிடம் காட்டுங்கள். குறைமாதக் குழந்தையாயின் அப்பாலை ஊட்டுமுன் குழந்தை மருத்துவரைக் கேட்க வேண்டும். வீட்டிலுள்ள குழந்தை, பிறந்து ஐந்து நாளுக்குப்பின் ஒரு நாளில் ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ, பால் குடிக்க எழாமல் சோர்ந்து கிடந்தாலோ, அன்றே கொண்டு வாருங்கள். கருவியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கருவியைக் காட்ட வரும்போது மோட்டார், அடாப்டர், குழாய், புனல், வால்வு, புட்டி, கையேடு அனைத்தையும் ஒரே பையில் எடுத்து வாருங்கள். கழன்று விழுந்த சிறு ரப்பர் வளையம் எதுவாயினும் எறிந்துவிடாமல் அதையும் கொண்டு வாருங்கள். கடைசி மூன்று நாள் எந்தெந்த நேரத்தில் எவ்வளவு பால் கிடைத்தது என்பதை ஒரு தாளில் எழுதி வந்தால், தாயைச் சோதிக்கும் முன்பே எங்களால் பாதி விடையைச் சொல்லிவிட முடியும்.